தினமும் செட்ரிசின் போடுகிறேன், இப்போது இளைப்பும் சேர்ந்துவிட்டது

#1 பனியன்காரன் | ஜனவரி 5, இரவு 11.10

வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும். மூன்று வருஷமாக இதற்கு ராத்திரி ஒரு செட்ரிசின் 10 மி.கி. போட்டுப் படுத்துவிடுவேன். சீட்டெல்லாம் கிடையாது. கடைக்காரருக்கு என் முகம் தெரியும், நான் வாயைத் திறப்பதற்குள் அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

இந்த மார்கழியில் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறது. விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு இருமல் வந்து எழுப்பிவிடுகிறது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. செட்ரிசினை இரண்டாக்கிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடையில் சொன்னதும் 'நெஞ்சுச் சளிதான்' என்று காகித உறையில் நான்கு நான்கு மாத்திரையாக மடித்துக் கொடுத்தார். போட்ட அன்றைக்கே சத்தம் நின்றுவிட்டது. மூன்று நாள் ராஜா மாதிரி இருந்தேன். நிறுத்திய நாலாம் நாள் பழையபடி ஆரம்பம். மறுபடி போய் வாங்கினேன். இதுவரை ஐந்து தடவை வாங்கியாகிவிட்டது.

செட்ரிசினை வருஷக்கணக்கில் போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் மாமனார், உண்மையா? இந்த இளைப்புக்கு அதைவிட வீரியமான அலர்ஜி மாத்திரை எது? பம்ப் (இன்ஹேலர்) பிடித்தால் கடைசிவரை விடாது என்கிறார்கள், அதனால் மாத்திரையிலேயே சமாளிக்கப் பார்க்கிறேன்.

#2 நெட்டைத்தென்னை | ஜனவரி 5, இரவு 11.42

தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம். ஒரு மண்டலம். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீர்கள்.

#3 மருந்துச்சீட்டு | ஜனவரி 6, காலை 7.05

தம்பி, நான் ஈரோட்டில் 18 வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவள். முதலில் மாமனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். செட்ரிசின் கிட்னியைக் கெடுக்காது. அது பெரும்பாலும் மாறாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறும், அதனால் கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு உடம்பில் தேங்கும். அவர்களுக்கு டாக்டர்கள் அளவைப் பாதியாக்குவார்கள், லீவோசெட்ரிசின் என்றால் சிலருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். ஊரில் பேச்சு திரும்பிப்போய் 'கிட்னி போய்விடும்' ஆகிவிட்டது.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தூசி, மகரந்தம் பட்டதும் உடம்பு ஹிஸ்டமினை வெளியே விடுகிறது. அது மூக்கிலும் கண்ணிலும் தோலிலும் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் தும்மல், ஒழுகல், அரிப்பு எல்லாம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, செட்ரிசின் செய்வது அதைத்தான். ஹிஸ்டமின் ஏறி உட்கார்ந்த பிறகு துண்டு போட்டால் பெரிதாகப் பயன் இல்லை. அதனால்தான் தும்மல் வரும் என்று தெரிந்த நாளில் முன்கூட்டியே போடுவது நன்றாக வேலை செய்கிறது, தும்மி முடித்தபின் இரண்டாகப் போடுவது தூக்கத்தைத்தான் கூட்டுகிறது. ஒரு மாத்திரையின் வேலை 24 மணி நேரம் இருக்கும்.

மூக்கடைப்புக்கு இது அரைகுறைதான். அடைப்பு வீக்கத்தால் வருவது, அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே மாத்திரையைவிட மேல். ஆனால் அடித்த அன்றைக்கே தெரியாது. முழுப் பலன் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், நம் ஆட்கள் மூன்றாம் நாளே பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து 'இது வேலைக்கு ஆகாது' என்பார்கள். தலையைக் குனிந்து, வலக் கையால் இட மூக்கு, இடக் கையால் வல மூக்கு. நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக நடுவில் அடிப்பவர்களுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

இனி முக்கியமானது. அந்த நான்கு மாத்திரை எப்படி இருந்தன? அட்டை ஏதாவது இருக்கிறதா?

#4 பனியன்காரன் | ஜனவரி 6, மதியம் 1.20

அட்டை இல்லைங்க அக்கா, உதிரியாகத்தான் கொடுத்தார். ஒரு உறை மீதி இருந்தது, பிரித்துப் பார்த்தேன். ஒன்று நீளமாக வெள்ளை, பாராசிட்டமால் மாதிரி. ஒன்று சின்ன மஞ்சள். ஒன்று செட்ரிசின், அது எனக்கே தெரியும். இன்னொன்று மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், வெள்ளை. அதைக் காணாமல் போகாமல் பிடிப்பதே கஷ்டம்.

#5 மருந்துச்சீட்டு | ஜனவரி 6, இரவு 9.15

உதிரி மாத்திரையை நிறத்தை வைத்து அடித்துச் சொல்வது தப்பு, அதனால் 'இருக்கலாம்' என்றே சொல்கிறேன். மஞ்சள் சின்னது குளோர்பெனிரமின், நாங்கள் சிபிஎம் என்போம், ஆக இருக்கலாம். அதுவும் அலர்ஜி மாத்திரைதான், பழைய வகை. அப்படியானால் உறைக்குள்ளேயே இரண்டு அலர்ஜி மாத்திரை. ராத்திரி நீங்கள் வழக்கமாகப் போடுவதும் சேர்ந்தால் மூன்று.

மிளகு சைஸ்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த மாதிரி உறைகளில் சேரும் பொடி மாத்திரை பல இடங்களில் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன் அரை மி.கி. என்பது கிட்டத்தட்ட 4 மி.கி. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம். மூன்று வேளை என்றால் பன்னிரண்டு. அன்றைக்கே சத்தம் நின்றதற்கும், நிறுத்திய நாலாம் நாள் திரும்பியதற்கும் அது பொருந்துகிறது. ராஜா மாதிரி இருந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும், பசி நன்றாக எடுத்திருக்குமே?

என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைக்கு வருகிறவர் 'இரண்டு வேளைக்குப் போட்டுக் கொடுங்க' என்பார், இல்லை என்றால் எதிர்க் கடைக்குப் போவார். அட்டையை வெட்டி உதிரியாகப் போடும்போது பெயரும் போய்விடுகிறது, தேதியும் போய்விடுகிறது. எந்தக் கடையானாலும் 'அட்டையோடு கொடுங்க, பேர் எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். கேட்டால் மூஞ்சியைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

#6 பனியன்காரன் | ஜனவரி 6, இரவு 9.31

பசி... ஆமாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல் புரோட்டா தேடிப் போனேன். உடம்பு தேறுகிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

#7 வண்டிமாடு | ஜனவரி 6, இரவு 10.50

அந்த மஞ்சள் மாத்திரையைப் பற்றி நான் சொல்கிறேன். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கொடைக்கானல் சவாரி, காலையில் சளி என்று ஒன்று, மதியம் வத்தலக்குண்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று. மலையேறும்போது தூக்கம் வரவில்லை, அதுதான் விஷயம். கண் நன்றாகத் திறந்திருந்தது. வளைவு வருவது தெரிகிறது, கை திரும்ப மாட்டேன் என்கிறது. ஸ்டியரிங் என்னுடையதே இல்லை போல. பின்சீட்டில் இருந்த பாட்டியம்மா 'டிரைவர் தம்பி, டீ குடிக்கலாமா' என்று கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. டீக்கடையில் இறங்கியதும் கால் நடுங்கியது. கிளீனர் பையனுக்கு லைசென்ஸ் இருந்ததால் அவன்தான் மேலே ஓட்டினான்.

தூக்கம் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இது தூக்கம் வராமலே ஆளை மந்தமாக்குகிறது.

#8 வல்லைவெளி | ஜனவரி 7, காலை 6.12

வண்டிமாடு அண்ணை சொன்னது அப்படியே சரி. நான் இருக்கிறது கனடாவில ஸ்காபரோ, ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி. இங்கே ஆகஸ்ட் நடுவில ராக்வீட் என்ற களைச்செடி பூக்கத் தொடங்கினால் செப்டெம்பர் முடியும்வரை மூக்கும் கண்ணும் ஒரே வருத்தம். வந்த புதிதில நான் வாங்கிப் போட்டது டைபென்ஹைட்ரமின், கடைத்தட்டில கைக்கெட்டின இடத்தில இருக்கும், பழைய வகைதான். அயோவாவில கார் ஓட்டும் சிமுலேட்டர் வைத்து ஒரு ஆய்வு செய்து 2000இல வெளியிட்டார்கள். 50 மி.கி. டைபென்ஹைட்ரமின் போட்டவர்கள் ஓட்டினது, ரத்தத்தில 0.1 சதவீதம் மதுவோட ஓட்டினவர்களைவிட மோசம். புதிய வகையான பெக்ஸோபெனடின் போட்டவர்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். அதைவிட முக்கியம், ஒருவர் தனக்கு எவ்வளவு தூக்கமாக இருக்குது என்று சொன்னதை வைத்து அவர் எப்படி ஓட்டுவார் என்று கணிக்க முடியேல்லை. அண்ணையின்ர கதையும் அதுதானே.

2019இல கனடாவின் அலர்ஜி மருத்துவர் சங்கமே பழைய வகையைத் தவிருங்கோ, புதிசைப் பாவியுங்கோ என்று அறிக்கை விட்டது. தட்டில அது இன்னும் இருக்குது.

#9 மருந்துச்சீட்டு | ஜனவரி 7, காலை 7.20

வல்லைவெளி சொன்னதோடு ஒன்று: செட்ரிசின் புதிய வகை என்றாலும் முழுக்கத் தூக்கமில்லாதது இல்லை. சோதனைகளில் 10 மி.கி. போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம், வெற்று மாத்திரை போட்டவர்களில் 6 பேருக்கு. மெஷின், வண்டி, கட்டிங் கத்தி என்று இருப்பவர்களுக்கு லோரட்டடின், பெக்ஸோபெனடின் இரண்டும் பொருத்தம். பெக்ஸோபெனடினைத் தண்ணீரில்தான் போட வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லும் அப்படியே. எதைப் போட்டாலும் அன்றைக்குச் சரக்கு வேண்டாம்.

பழைய கதை ஒன்று. பெக்ஸோபெனடினுக்கு முன்னால் டெர்பெனடின் என்று ஒன்று இருந்தது, தூக்கம் வராத மாத்திரை என்று உலகமே கொண்டாடியது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற கிருமி, பூஞ்சை மருந்துகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது என்று தெரிந்து 1990களின் கடைசியில் எடுத்துவிட்டார்கள். அது உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருள்தான் பெக்ஸோபெனடின், அதற்கு அந்தக் கோளாறு இல்லை. அலர்ஜி மாத்திரைதானே என்று எதோடும் சேர்க்கக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

#10 இரவுப்பணி | ஜனவரி 7, காலை 7.48 (திருத்தியது)

நுரையீரல் மருத்துவத்தில் மேற்படிப்பு, அரசு மருத்துவமனையில் இரவு டியூட்டி. பனியன்காரன் அண்ணா, நீங்கள் எழுந்து உட்காரும் அதே மூன்று மணிக்குத்தான் எங்கள் வார்டுக்கும் ஆட்கள் வருவார்கள். ஆஸ்துமாவுக்கு அந்த நேரம் பிடிக்கும்.

அக்காவின் பஸ் உவமையிலேயே சொல்கிறேன். மூக்கு வண்டியில் ஹிஸ்டமின்தான் பெரிய பயணி, துண்டு போட்டால் போதும். மூச்சுக்குழாய் வண்டியில் அவர் ஒரு ஆள்தான். லுகோட்ரையீன் என்ற இன்னொரு ரசாயனம் ஏறுகிறது, ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஏறுகின்றன, குழாயின் உள்சுவர் வீங்குகிறது, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. ஒரு இருக்கைக்குத் துண்டு போட்டு என்ன ஆகும்? ஆஸ்துமாவுக்குச் செட்ரிசின் ஆபத்தானது இல்லை, மூக்குக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் நெஞ்சுக்கு அது மருந்தே இல்லை. மூக்கு அடங்குவதால் நெஞ்சும் அடங்கிவிட்டது என்று நினைத்து மாதங்கள் ஓடிவிடும், அதுதான் கெடுதல்.

ஒரு கேள்வி: சத்தம் திங்கட்கிழமை அதிகமா? ஞாயிறு, பண்டிகை விடுமுறையில் குறைகிறதா?

#11 பனியன்காரன் | ஜனவரி 7, இரவு 8.40

இதுவரை யோசித்ததே இல்லை. தீபாவளிக்கு ஒன்பது நாள் ஊருக்குப் போனேன், செட்ரிசினையே எடுத்துப் போக மறந்துவிட்டேன், ஒரு தும்மல் இல்லை. ஊர்க் காற்று என்று நினைத்தேன். வந்து இரண்டாம் நாள் ரோல் பிரித்தபோது ஆரம்பித்தது. எங்கள் பிரிவில் துணி அடுக்கை வெட்டும்போது டேபிளுக்கு மேல் பஞ்சு பனி மாதிரி மிதக்கும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

அப்போ பம்ப்தானா?

#12 நெட்டைத்தென்னை | ஜனவரி 7, இரவு 8.58

பம்ப் பிடித்தவன் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஸ்டீராய்டு வேறு. மூலிகை என்றால் மட்டும் ஏன் யாரும் பதில் சொல்வதில்லை?

#13 இரவுப்பணி | ஜனவரி 8, அதிகாலை 4.05

சொல்கிறேன் அண்ணா. ஆடாதோடையைச் சும்மா ஒதுக்க மாட்டேன், அதிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையே செய்தார்கள். சளியை இளக்கும், சரி. வீங்கிய குழாயை அது ஆற்றாது. கஷாயம் குடிப்பது உங்கள் விருப்பம், பம்புக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

ஸ்டீராய்டு பயத்துக்கு ஒரு கணக்கு. பம்பில் வரும் ஸ்டீராய்டான ப்யூடசோனைடு ஒரு உறிஞ்சலில் 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மி.கி., நேராக நுரையீரலுக்கு. மூச்சு முட்டி வார்டுக்கு வந்தால் நாங்கள் கொடுப்பது ப்ரெட்னிசோலோன் 40 மி.கி., உடம்பு முழுக்க. மில்லிகிராமை மட்டும் பார்த்தால் 200 மடங்கு. பனியன்காரன் அண்ணா உறையில் விழுங்கியது ஸ்டீராய்டாக இருந்தால், அவர் பம்புக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஸ்டீராய்டை ஐந்து முறை சாப்பிட்டிருக்கிறார். பம்ப் பிடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரும். மற்றபடி 'பழகிவிடும்' என்பது, கண்ணாடி போட்டால் கண் பழகிவிடும் என்பதுபோலத்தான்.

இன்னொன்று, நீல நிற சால்பியூட்டமால் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் ஏராளம். அது இறுக்கத்தைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழு ஜீனா 2019இலேயே பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிவிட்டது. இப்போது ப்யூடசோனைடும், இறுக்கத்தைத் தளர்த்தும் பார்மோடெராலும் சேர்ந்த ஒரே பம்பைத் தேவைப்படும்போதும் பிடிக்கலாம். உங்களுக்கு எது என்பதை ஊதிப் பார்க்கும் சோதனை செய்துவிட்டு டாக்டர் முடிவு செய்யட்டும்.

இதைப் படிக்கிற எல்லாருக்கும்: ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை, பம்ப் பிடித்தும் தணியவில்லை, உதடோ நகமோ நீலமாகிறது என்றால் எந்த மாத்திரையையும் தேடாதீர்கள். 108. வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்காரவைத்து, சால்பியூட்டமாலை ஸ்பேசரில் (பம்பில் மாட்டும் குழல்) ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அதேபோல இறால் சாப்பிட்டோ குளவி கொட்டியோ உடம்பு தடித்து, கூடவே மூச்சு முட்டினாலோ, நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் போட்டுவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#14 வல்லைவெளி | ஜனவரி 8, காலை 6.30

இலங்கையில இருந்து வாசிக்கிறவைக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990. எங்கட அம்மாவுக்கு முட்டு, அதுதான் இளைப்பு, வந்தால் அந்தக் காலத்தில தைலம் பூசி முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை இருப்பம். இப்ப நினைக்கப் பயமாக இருக்குது.

#15 கீழ்வீட்டுஅம்மா | ஜனவரி 8, காலை 11.15

பிள்ளைகளைப் பற்றி ஒரு சந்தேகம். என் மகனுக்கு ஆறு வயது. மூக்கொழுகலுக்கு மாண்டிலூகாஸ்டும் லீவோசெட்ரிசினும் சேர்ந்த சிரப், போன வருஷம் ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதினார். கேட்டது என்பதால் நாங்களே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு மாதமாக ராத்திரி அலறி எழுந்திருக்கிறான், சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்கிறான். பகலில் தொட்டதற்கெல்லாம் கோபம். பேய்க்கனவு என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இதற்கும் சிரப்புக்கும் சம்பந்தம் இருக்குமா?

#16 மருந்துச்சீட்டு | ஜனவரி 8, காலை 11.38

இருக்கலாம் அம்மா. இன்றைக்கே அந்தக் குழந்தை டாக்டரைக் கூப்பிட்டு, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். மாண்டிலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, இன்னும் மோசமான எண்ணங்கள்வரை கொண்டுவரும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன்னிடமிருக்கும் எச்சரிக்கைகளில் மிகக் கடுமையானதை அதன்மேல் போட்டது. வெறும் மூக்கொழுகலுக்கு வேறு மருந்து கேட்கும் என்றால் இதைத் தவிர்க்கவும் சொன்னது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருப்பார், அவர்கள் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். உங்கள் பையனுக்கு இளைப்பு உண்டா?

#17 கீழ்வீட்டுஅம்மா | ஜனவரி 8, காலை 11.44

இல்லை. மூக்கு மட்டும்தான். கூப்பிடுகிறேன்.

#18 மருந்துச்சீட்டு | ஜனவரி 8, பிற்பகல் 2.10

குழந்தைகள் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது, அட்டையிலும் பாட்டிலிலும் அதைப் போட வேண்டும். பழைய வகை அலர்ஜி மருந்தான ப்ரோமெத்தசின் 2 வயதுக்குள் அறவே கூடாது, மூச்சையே அடக்கிவிடும். ரயிலில் குழந்தை அழாமல் தூங்க ஒரு மூடி கொடுக்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை. சமையல் ஸ்பூனில் அளக்கவும் வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே மருந்து ஒரு கம்பெனியில் 5 மி.லி.க்கு ஒரு அளவும் சொட்டு மருந்தில் வேறு அளவுமாக இருக்கும்.

#19 பழையவாத்தியார் | ஜனவரி 9, மாலை 5.25

முதியவர்களை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எனக்கு 71. ஜலதோஷம் என்று கடையில் ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று. மறுநாள் விடியலில் சிறுநீர் இறங்கவில்லை. முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு இல்லை. அந்த வேதனையை எழுத்தில் சொல்ல எனக்குத் தமிழ் போதாது, முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியவன். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். 'ஐயா, புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா, சளி மாத்திரை போட்டீர்களா' என்று ஒரு இளம் டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். மாத்திரையில் குளோர்பெனிரமினும் இருந்ததாம், பினைலெப்ரினும் இருந்ததாம். ஒன்று சிறுநீர்ப்பையை அழுத்தவிடாது, இன்னொன்று வாசலை இறுக்கும். உள்ளே தள்ளவும் ஆளில்லை, வெளியே திறக்கவும் ஆளில்லை.

கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) வரக்கூடிய கண் உள்ளவர்களும் பழைய வகையைத் தவிர்க்க வேண்டும் என்றார். என் நண்பர் ஒருவர் இதே மாத்திரையால் இரவில் குழம்பிப்போய், பாத்ரூமுக்கு வழி தெரியாமல் தடுக்கி விழுந்தார்.

#20 வண்டிமாடு | ஜனவரி 9, மாலை 5.50

வாத்தியார் ஐயா, சிரிக்கக் கூடாது, ஆனாலும் அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன்.

#21 பழையவாத்தியார் | ஜனவரி 9, மாலை 6.02

சிரியுங்கள். இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

#22 பனியன்காரன் | ஜனவரி 13, இரவு 10.15

உடனே பதில் வேண்டுங்க. இஎஸ்ஐயில் காட்டினேன். ஊதும் சோதனைக்கும், தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனைக்கும் எழுதினார்கள். தோல் சோதனைக்கு ஒரு வாரம் முன்னால் செட்ரிசினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தி இன்றோடு மூன்று நாள். உடம்பு முழுக்க அரிப்பு, உள்ளங்கை, தலை, எல்லா இடமும். தடிப்பு ஒன்றும் இல்லை, வெறும் அரிப்பு. தூங்க முடியவில்லை. எனக்குத் தோலில் எப்போதும் எதுவும் வந்ததில்லை. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?

#23 மருந்துச்சீட்டு | ஜனவரி 13, இரவு 10.34

பயப்படாதீர்கள். மூச்சு எப்படி இருக்கிறது? அது சரியாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

செட்ரிசின், லீவோசெட்ரிசின் இரண்டையும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தினமும் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குச் சில நாட்களில் இப்படிக் கடுமையான அரிப்பு வருகிறது. அபூர்வம்தான். 2025 மே மாதம் இதைப் பற்றி அமெரிக்க நிர்வாகம் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. போதைக்கு அடிமை என்பது வேறு, அது இல்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கும், பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்துவது சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் நீங்கள் இன்றைக்குப் போட்டால் தோல் சோதனை பொய்யாகிவிடும். நாளைக் காலை போன் செய்து சோதனைத் தேதியைத் தள்ளலாமா என்று கேளுங்கள். ஊதும் சோதனைக்குச் செட்ரிசின் தடையில்லை, அதைத் தள்ள வேண்டாம்.

#24 பனியன்காரன் | ஜனவரி 13, இரவு 10.41

மூச்சு பரவாயில்லைங்க. போகி வேறு, பக்கத்துத் தெருவில் இப்போதே டயரைக் கொண்டுவந்து அடுக்குகிறான்கள்.

#25 இரவுப்பணி | ஜனவரி 14, அதிகாலை 2.20

ஜன்னலைச் சாத்திவிட்டு விடியும்வரை வெளியே வராதீர்கள். உங்களிடம் பம்ப் கொடுத்துவிட்டார்களா? கொடுத்திருந்தால் தலைமாட்டிலேயே வையுங்கள்.

வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று நான் கேட்கவே இல்லை. ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் எழுதும் ப்ரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு, சிலருக்கு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை, இவையெல்லாம் இளைப்பைக் கிளப்பிவிடும்.

#26 பனியன்காரன் | பிப்ரவரி 11, இரவு 9.05

தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஊதும் சோதனையில் முதலில் 2.31 லிட்டர். சால்பியூட்டமால் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள், 2.73. 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினாலே ஆஸ்துமா பக்கம்தான், உங்களுக்கு 18 சதவீதம் என்றார் டாக்டர். காகித உறை விஷயத்தைச் சொன்னேன், தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது ப்யூடசோனைடு பார்மோடெரால் காலை, இரவு. மூக்குக்கு ஸ்ப்ரே, அக்கா சொன்ன மாதிரி குறுக்குக் கையால். முதல் பத்து நாள் ஸ்ப்ரேயை மனதுக்குள் திட்டினேன், பிறகு ஒரு நாள் காலையில் தும்மாமல் எழுந்ததை வீட்டம்மாதான் கவனித்துச் சொன்னாள். பதினாறு நாளாக மூன்று மணிக்கு எழவில்லை. அரிப்புக்கு, சோதனையைத் தள்ளி வைத்து, செட்ரிசினை ஒன்று, பிறகு அரை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை என்று குறைத்தார்கள். கொஞ்சம் இருந்தது, தாங்க முடிந்தது. தோல் சோதனை போன வாரம் முடிந்தது, வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தடித்தது. பஞ்சுக்குச் சோதனை அங்கே இல்லையாம். அதற்கு ஒரு ஊதும் மீட்டர் வாங்கி, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சூபர்வைசரிடம் டேபிளை மாற்றக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

அப்புறம், பழைய கடைக்குப் போனேன். வழக்கம்போல அட்டையை எடுத்து வைத்தார். வேண்டாம், ஸ்பேசர் இருக்கிறதா என்றேன். அவர் அதை ஃபிளாஸ்க் என்று நினைத்துவிட்டார்.

#27 மருந்துச்சீட்டு | பிப்ரவரி 11, இரவு 9.20

😀 ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

#28 நெட்டைத்தென்னை | பிப்ரவரி 12, காலை 6.45

வாழ்த்துகள் தம்பி. அதிருக்கட்டும், எனக்கும் ஒரு சந்தேகம். மூக்கடைப்புக்கு ஒரு சொட்டு மருந்து விடுகிறேன், சைலோமெட்டசோலின் என்று எழுதியிருக்கிறது. விட்டால் ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடும், முன்பு ராத்திரி மட்டும் விட்டேன், இப்போது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டியிருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது.

#29 மருந்துச்சீட்டு | பிப்ரவரி 12, காலை 7.01

எட்டு மாதமா! அண்ணா, அது ஐந்து நாளைக்கு மேல் விடக்கூடாத மருந்து. இப்போது மூக்கை அடைப்பதே அந்தச் சொட்டுதான். தனி இழை ஆரம்பியுங்கள், வருகிறேன்.